இழை, பாவு, கைகாட்டி: இணைச்செயல் நிரல் நூலகங்களை மதிப்பிடுதல்

வரைகலைச் செயலிகளுக்கு நிரல் எழுதுவதற்காக என்விடியா நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'கூடா' என்னும் கருவித்தொகுப்பில், 32 இழைகள் சேர்ந்து ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றும் குழுவுக்கு 'வார்ப்' என்று பெயர். வார்ப் என்றால் பாவு. நெசவிலிருந்தே இச்சொல் எடுக்கப்பட்டது என்றும், இணை இழைகளைக் கையாண்ட முதல் தொழில்நுட்பம் நெசவே என்றும் அந்நிறுவனத்தின் வழிகாட்டி நூலே குறிப்பிடுகிறது. கடையநல்லூரில் பழைய நெசவுத் தெருக்களில் வளர்ந்த மாணவருக்கு இச்சொல் புதிதல்ல. மிதியை அழுத்தினால் விழுதுகள் பாவின் ஒரு பாதியை மேலே தூக்கும், மறுபாதி கீழே நிற்கும், அந்த இடைவெளியில் நாடா ஓடி ஊடையைக் கொண்டுசெல்லும் என்பதை அவர் பார்த்திருப்பார். கூடாவில் ஒரு பாவுக்குள் நிபந்தனைக் கட்டளை வந்து இழைகள் இரண்டாகப் பிரிந்தால், ஒரு பிரிவு இயங்கும்போது மறு பிரிவு சும்மா நிற்கும். தறியைப் பார்த்தவருக்கு இதை இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். ஆனால் 'வார்ப்' என்ற ஒலிபெயர்ப்பு மட்டும் கைக்கு வரும்போது, மாணவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு ஆங்கிலச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்.

இணைச்செயல் நிரலாக்கத்தின் அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கைத்தொழில்களிலிருந்தும் போக்குவரத்திலிருந்தும் வந்தவை. 'திரெட்' என்பது இழை. 'செமஃபோர்' என்பது இரயில்வேயின் கைகாட்டி. 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரே வளத்தைப் பல நிரல்கள் மோதிக்கொள்ளாமல் பயன்படுத்துவதற்கான கருவியை அமைத்தபோது இரயில் பாதையிலிருந்தே பெயரை எடுத்தார். விருதுநகரிலிருந்து இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பாதை ஒற்றைத் தடம். எதிர்வரும் வண்டி கடந்துபோகும் வரை இந்த வண்டி நிலையத்தில் காத்துக் கிடக்கும். ஏன் நிற்கிறது என்று பயணிகளுக்குத் தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை. டைக்ஸ்ட்ராவின் கருவி செய்வதும் இதைத்தான்.

தமிழில் நூல் என்பது புத்தகத்தையும் குறிக்கும், பருத்தி நூலையும் குறிக்கும். நூல் இயற்றுவதைப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதோடு நன்னூலின் பாயிரம் ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆகவே 'இழை நூலகம்' என்னும் தொடர், கணினிக்கு வெளியே நின்று பார்த்தாலும் தமிழில் அழகாகப் பொருந்துகிறது. அழகு இருந்து என்ன, தெளிவு வேண்டுமே என்பதுதான் இக்கட்டுரை எழுப்பும் குறை.

இரண்டுக்கும் ஒரே சொல்

ஆங்கிலத்தில் 'பேரலல்' என்றும் 'கன்கரண்ட்' என்றும் வெவ்வேறாகச் சொல்லப்படும் இரண்டும் தமிழ் விளக்கங்களில் பல சமயம் 'இணை' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றன. அச்சொல்லோ ஏற்கெனவே பாரம் தாங்காமல் இருக்கிறது. இணையம், இணைப்பு, இணைகோடு, இணையர் என்று எல்லாவற்றுக்கும் அதுவே. இருவர் ஒரே கணினி முன் அமர்ந்து நிரல் எழுதும் பழக்கத்தையும் 'இணை நிரலாக்கம்' என்று சொல்பவர்கள் உண்டு. இக்கட்டுரையில் பேரலல் என்பதற்கு இணைச்செயல் என்றும், கன்கரண்ட் என்பதற்கு உடன்செயல் என்றும் வைத்துக்கொள்ளப்படுகிறது.

வேறுபாடு என்ன? செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாக் கடைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாஸ்டர், ஒரே கல். மாவு ஊறும் நேரத்தில் வீசுகிறார், வீசியதைக் கல்லில் போட்டுவிட்டு அடுத்ததைச் சுருட்டுகிறார், நடுவில் வெந்ததை அடித்து உதிர்க்கிறார். பல வேலைகள் ஒரே காலப்பரப்பில் உயிரோடு இருக்கின்றன, ஆனால் எந்தக் கணத்திலும் கை ஒன்றில்தான் இருக்கிறது. இது உடன்செயல். கூட்டம் பெருகியதும் முதலாளி இன்னொரு கல்லும் இன்னொரு மாஸ்டரும் போடுகிறார். இது இணைச்செயல். முதலாவது, வேலைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது பற்றியது. இரண்டாவது, கூடுதல் கைகளைக் கொண்டு நேரத்தைக் குறைப்பது பற்றியது. இரண்டாவது மாஸ்டர் வந்தபிறகும் மாவுத் தட்டு ஒன்றே ஒன்று என்றால் யார் எடுப்பது என்ற தகராறு வரும். நூலகங்களின் கதை முழுவதும் அந்த மாவுத் தட்டைப் பற்றியதுதான்.

இப்பிரிவு தெரியாமல் நூலகத்தைத் தேர்ந்தெடுப்பவர் என்ன தவறு செய்வார் என்பதற்குப் பைத்தான் மொழி நல்ல சான்று. அதன் 'திரெடிங்' நூலகத்தைக் கொண்டு ஒரு பெரிய கணக்கை நான்கு இழைகளாகப் பிரித்தால், நான்கு கோர் உள்ள கணினியிலும் நேரம் குறையாது. சில வேளை கூடவும் செய்யும். வழக்கமான பைத்தான் இயக்கியில் பொதுப் பூட்டு ஒன்று உண்டு. அப்பூட்டைக் கையில் வைத்திருக்கும் இழை மட்டுமே அந்தக் கணத்தில் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும். ஒரு கல், நான்கு மாஸ்டர்கள். இணையத்திலிருந்து நூறு கோப்புகளை இறக்குவது போன்ற வேலைக்கு இது பொருந்தும், ஏனெனில் அங்கே நேரம் போவது காத்திருப்பில். கணக்கு வேலைக்கு 2008இல் சேர்க்கப்பட்ட 'மல்டிபிராசசிங்' நூலகமே உதவும். முன்னது உடன்செயலுக்கு, பின்னது இணைச்செயலுக்கு. இரண்டையும் 'இணை' என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

வேகம் என்ற தூண்டில்

இந்நூலகங்களைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக வேகத்தில் தொடங்கி வேகத்திலேயே முடிக்கிறார்கள். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2004, 2005 வாக்கில் செயலிகளின் துடிப்பு வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. வெப்பமும் மின்செலவும் தாங்கவில்லை. அதன்பின் நிறுவனங்கள் ஒரே சில்லில் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்கின. இன்று கைப்பேசியிலேயே எட்டுக் கோர்கள் உள்ளன. பழைய நிரல் புதுக் கணினியில் தானாக வேகம் பெறும் காலம் முடிந்துவிட்டதால், நிரலை எழுதுபவரே வேலையைப் பிரித்தாக வேண்டும்.

அந்த வேகத்துக்கும் எல்லை உண்டு என்று 1967லேயே ஜீன் அம்டால் காட்டிவிட்டார். ஒரு வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் இருபது மடங்குக்கு மேல் வேகம் வராது. இதைப் பாடநூல்கள் சூத்திரமாகச் சொல்லிவிடுகின்றன. சொல்லாமல் விடுவது சரிதன்மையை.

குற்றாலத்தில் சாரல் காலம். ஒரு விடுதியில் ஒரே ஓர் அறை மிச்சம் இருப்பதாகவும், முன்பதிவை இரு இழைகள் கவனிப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். முதல் இழை பதிவேட்டைப் பார்க்கிறது, அறை இருக்கிறது. அதை 'நிரம்பியது' என்று எழுதுமுன் இரண்டாம் இழையும் பார்க்கிறது, அதற்கும் அறை இருக்கிறது. இருவருக்கும் அறை உறுதி. மழையில் நனைந்துகொண்டு இரு குடும்பங்கள் ஒரே கதவின் முன் நிற்கும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட அந்த நுண்ணிய இடைவெளியில் யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் ரேஸ் கண்டிஷன் என்று பெயர், தமிழில் முந்துநிலை எனலாம். இதன் கொடுமை, அது எப்போதாவது ஒருமுறைதான் தலைகாட்டும் என்பது. ஆயிரம் முறை சோதித்தாலும் சரியாக இருக்கும். கூட்டம் அலைமோதும் நாளில் மட்டும் பிசகும்.

அறை போனால் பரவாயில்லை. 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். இயக்குபவர் திரையில் விவரத்தைப் பதிந்துவிட்டு வேகமாகத் திருத்தும்போது, உடன்செயல் வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதும் காரணங்களுள் ஒன்று. பழகிய, விரைவாகத் தட்டச்சு செய்யும் ஊழியரிடம்தான் அக்கோளாறு வெளிப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. 2003 ஆகஸ்ட் 14 அன்று வடகிழக்கு அமெரிக்காவிலும் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். மின்கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் முந்துநிலைக் கோளாறால் ஓசையின்றிச் செயலிழந்திருந்தது அப்பேரிடர் பெருகியதற்கு ஒரு காரணம்.

எனவே ஓர் இணைச்செயல் நூலகத்தை அது என்னென்ன வசதி தருகிறது என்று பட்டியல் போட்டு மதிப்பிடுவது போதாது. எந்தத் தவறைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று கேட்டால்தான் அதன் தரம் தெரியும். புகழ்பெற்ற நூலகங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், பெயருக்கும் தகுதிக்கும் இடையே சில இடங்களில் பெரிய இடைவெளி தெரிகிறது.

எதையும் தடுக்காத நூலகம்

1995இல் தரப்படுத்தப்பட்ட போசிக்ஸ் இழை நூலகம், அதாவது 'பி-திரெட்ஸ்', சி மொழிக்கானது. லினக்ஸ் உலகில் இன்றுவரை அடித்தளம் அதுவே. கல்லூரி ஆய்வகங்களில் இழை என்றால் முதலில் இதையே காட்டுகிறார்கள். இது எதையும் தடுப்பதில்லை. இதில் பூட்டு உண்டு. ஆனால் பூட்டுக்கும் அது காக்க வேண்டிய தரவுக்கும் நூலகத்தின் கண்ணில் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த மாறியைத் தொடுமுன் இந்தப் பூட்டை எடு என்பது எழுதியவர் மனத்தில் இருக்கும் ஒப்பந்தம், மிஞ்சிப்போனால் ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பு. அதைப் படிக்காத இன்னொருவர் பூட்டைத் தொடாமலே மாறியை மாற்றினால் நிரல்பெயர்ப்பி வாய் திறக்காது.

ஒற்றைத் தட இரயில் பாதையோடு ஒப்பிட்டால் இதன் குறை நன்றாகத் தெரியும். முற்காலத்தில் ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படாது. இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் கருவியிலிருந்து வெளியே வரும்படி பூட்டியிருப்பார்கள். அதற்கும் மேலே, தடமும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். தடம் மாற்றும் கட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் நிலைய ஊழியர் எவ்வளவு இழுத்தாலும் கைகாட்டி இறங்காது. மனிதர் மறந்தாலும் இரும்பு மறக்காது. பி-திரெட்ஸ் கைகாட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பிணைப்பை விட்டுவிட்டது. டோக்கனை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, டோக்கன் இல்லாமல் வருபவரைத் தடுக்க யாரையும் நிறுத்தாத ஏற்பாடு அது.

இன்னும் ஆழமான குறையொன்றை ஹான்ஸ் போம் 2005இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மொழிக்கு இழைகளைப் பற்றித் தெரியாமல், நூலகமாக மட்டும் இழைகளை ஒட்டவைக்கவே முடியாது என்பது அவர் வாதம். நிரல்பெயர்ப்பி, தான் பார்ப்பது ஒற்றை இழை நிரல் என்று எண்ணிக்கொண்டு வேகத்துக்காகக் கட்டளைகளை இடம் மாற்றும், தேவையற்றதாகத் தோன்றும் இடத்தில் நினைவகத்தில் கூடுதலாக எழுதியும் வைக்கும். ஒற்றை இழைக்கு அது சரி. இன்னோர் இழை அதே நினைவகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறு. நூலகத்தை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் இதைச் சரிசெய்ய இயலாது, மொழியின் இலக்கணத்திலேயே நினைவக ஒழுங்கு பற்றிய விதி வேண்டும். ஜாவா மொழி 2004இலும் சி++ மொழி 2011இலும் அத்தகைய விதிகளை ஏற்றுக்கொண்டன. 'நூலகத்தைச் சேர்த்தால் போதும், இணைச்செயல் வந்துவிடும்' என்று சொல்லும் எந்த அறிமுகமும் இந்த ஒரு கட்டுரையைத் தாண்டி நிற்காது.

பெர்க்கிலியைச் சேர்ந்த எட்வர்ட் லீ 2006இல் எழுதியது அனுபவத்திலிருந்து வந்த சாட்சியம். அவருடைய குழு டாலமி என்னும் மென்பொருளின் உட்பகுதியை 2000 வாக்கில் இழைகளைக் கொண்டு மிகுந்த கவனத்துடன் எழுதியது. பலர் சரிபார்த்தனர், எல்லா வரிகளையும் தொடும் சோதனைகள் நடந்தன. நான்காண்டுகள் குறையின்றி ஓடியது. 2004 ஏப்ரல் 26 அன்று அது முட்டிக்கொண்டு நின்றது. இரு இழைகளும் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதன் பூட்டுக்காகக் காத்திருந்தால் இருவரும் நகர முடியாது. டெட்லாக் எனப்படும் இந்த முட்டுநிலையைக் கண்டுபிடிக்கச் சோதனை உதவவில்லை.

எளிமையின் விலை

1997இல் ஃபோர்ட்ரானுக்கும் அடுத்த ஆண்டு சி, சி++ மொழிகளுக்கும் வந்த ஓப்பன்-எம்பி, இழைகளை நேரடியாகத் தொடாமல், ஒரு சுழற்சிக் கட்டளையின் தலையில் ஒரு வரிக் குறிப்பு எழுதினால் அதைப் பல கோர்களுக்குப் பிரித்துவிடும். அறிவியல் கணக்கு செய்வோருக்கு இது வரப்பிரசாதம், அதில் ஐயமில்லை. ஆனால் சுழற்சிக்கு வெளியே அறிவித்த மாறி, எதுவும் சொல்லாவிட்டால், எல்லா இழைக்கும் பொது என்றே அது கொள்கிறது. ஒரு பட்டியலின் கூட்டுத்தொகை காண எழுதும் மாணவர், தொகை மாறியை ஒவ்வோர் இழையும் தனியே சேர்த்துக் கடைசியில் ஒன்றாக்க வேண்டும் என்ற குறிப்பை விட்டுவிட்டால், நிரல் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டு, வேகமாக ஓடி, தவறான விடையைத் தரும். பட்டியல் சிறிதாக இருந்தால் சரியான விடைகூட வரலாம், அதுதான் வம்பு. தவறு எளிதாகவும் சரி கூடுதல் உழைப்பாகவும் இருக்கும்படி இயல்புநிலையை வைத்தது வடிவமைப்பின் பிழை என்றே சொல்ல வேண்டும். இயல்புநிலையை நீக்கி, ஒவ்வொரு மாறிக்கும் பொதுவா தனியா என்று கட்டாயம் எழுதவைக்கும் வழியும் அதிலேயே உண்டு. கற்பிப்பவர்கள் அதை முதல் பாடத்திலேயே சொன்னால் பாதிக் குறை தீரும்.

எம்பிஐ வேறு வழியில் போகிறது. அதற்கு முன்னோடி பிவிஎம். 1989இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் எமரி பல்கலைக்கழகத்தின் வைடி சுந்தரம் தொடங்கிய அம்மென்பொருள், சிதறிக் கிடந்த பலவகைக் கணினிகளை ஒரே இயந்திரம்போல் வேலை வாங்கியது. 1994இல் எம்பிஐ தரமாக வந்தபின் பிவிஎம் மெல்ல ஒதுங்கியது. புனேயில் சி-டாக் 1991இல் பரம் 8000 இயந்திரத்தை உருவாக்கியதும், சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 கணினிகளைக் கோத்துக் 'கப்ரு' தொகுதியை அமைத்ததும் இதே பாதையில் வந்தவை. அம்பத்தாண்டு பழைய பெரிய இயந்திரங்களைப் போலன்றி, இங்கே ஒவ்வொரு கணினிக்கும் தனி நினைவகம். மாவுத் தட்டே பொதுவில் இல்லை. யாருக்காவது எதாவது வேண்டுமென்றால் கடிதம் போட்டுக் கேட்க வேண்டும். ஆகவே இருவர் ஒரே மாறியில் மோதிக்கொள்ளும் தவறு பிறக்க இடமே குறைவு.

ஆனால் முட்டுநிலையை அது தடுப்பதில்லை, சோதனையின்போது மறைத்தும் வைக்கிறது. இரு பிராசஸ்களும் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பெறுமாறு எழுதினால், சிறு செய்திகளுக்கு நிரல் தடையின்றி ஓடும், ஏனெனில் பெரும்பாலான எம்பிஐ அமைப்புகள் சிறு செய்தியை இடைக்கிடங்கில் வாங்கி வைத்துக்கொள்ளும். செய்தியின் அளவு கூடியதும் எதிரே உள்ளவர் பெறத் தயாராகும் வரை அனுப்புபவர் நிற்பார். எதிரே உள்ளவரும் அனுப்பிக்கொண்டே நிற்பார். ஆய்வகத்தில் பத்து எண்களை வைத்துச் சோதித்த நிரல், உண்மைத் தரவில் உறைந்துபோகும். இதைச் சொல்லாமல் எம்பிஐ கற்றுத் தருவது, நீச்சலைத் தரையில் கற்றுத் தருவதைப் போன்றது. எம்பிஐயைப் பாராட்ட வேண்டிய இடம் வேறொன்று. ஒரு பிராசஸ் பிழையால் விழுந்தால், இயல்பாக முழு வேலையும் நிறுத்தப்படும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி இழையைப் பிணைத்துவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுவார். அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் துணி முழுவதும் பழுது. பல நாள் ஓடும் கணக்கு பாதியில் நிற்பது எரிச்சல்தான், ஆனாலும் பழுதான துணியைவிட நின்ற தறி மேல்.

பிணைத்துப் பூட்டும் மொழிகள்

2012இல் முதல் நிலைப்பதிப்பைக் கண்ட கோ மொழி, டோனி ஹோர் 1978இல் முன்வைத்த கருத்தைப் பின்பற்றி, இழைகள் நினைவகத்தைப் பகிராமல் 'சேனல்' என்னும் வாய்க்கால் வழியே செய்தி பரிமாறிக்கொள்ள ஊக்குவிக்கிறது. ஊக்குவிக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பொது மாறியை இரு இழைகள் தொட்டால் மொழி தடுக்காது. முந்துநிலையைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று 2013 முதல் கூடவே வருகிறது, அது உண்மையிலேயே பயனுள்ளது. எனினும் சோதனையில் ஓடிய பாதையில் உள்ள கோளாறு மட்டுமே அதன் கண்ணில் படும்.

2015இல் முதல் நிலைப்பதிப்பு வந்த ரஸ்ட் மொழியில்தான் இரயில்வேயின் பிணைப்பு முறை நிரலாக்கத்துக்குத் திரும்பி வருகிறது. அங்கே தரவு பூட்டுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. பூட்டைத் திறக்காமல் தரவின் பெயரைச் சொல்லக்கூட வழியில்லை. ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்கு அனுப்பத் தகாததை அனுப்பினால், ஓடும்போதல்ல, நிரலைப் பெயர்க்கும்போதே மறுப்பு வந்துவிடும். அதன்மேல் எழுந்த ரேயான் நூலகம், ஓப்பன்-எம்பி போலவே ஒரு சொல் மாற்றத்தில் சுழற்சியைப் பல கோர்களுக்குப் பிரித்துத் தருகிறது, ஆனால் பொதுத் தொகை மாறியைப் பூட்டின்றித் தொடும் அந்தப் பழைய தவறை ஏற்க மறுக்கிறது. முட்டுநிலையை ரஸ்ட் தடுப்பதில்லை, விடுதி அறைக் கதையைப் போன்ற தருக்கப் பிழைகளையும் முழுமையாகத் தடுக்காது. பதிவேட்டைப் பார்க்கப் பூட்டைத் திறந்து மூடி, எழுத மறுபடி திறப்பவரை அது என்ன செய்யும்? கற்பதும் கடினம். தொடக்க மாணவர் பலர் நிரல்பெயர்ப்பியின் மறுப்பைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறார்கள். இறங்க மறுக்கும் கைகாட்டியைப் பற்றி நிலைய ஊழியரும் முணுமுணுத்திருக்கக் கூடும்.

தென்காசிப் பகுதி மாணவருக்கு இவையெல்லாம் எட்டாத் தொலைவில் இல்லை. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகமும் பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறது. ஊர்ப்புறத்திலிருந்தே உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதலாம் என்பது இம்மாவட்டத்தில் இன்று கண்கூடு. வணிகங்களுக்கான இணையச் சேவை எதுவாயினும், ஒரே நொடியில் பல வாடிக்கையாளர் வந்து ஒரே பதிவேட்டைத் தொடுவது அதன் அன்றாடம். அந்த வேலைக்குப் போகும் மாணவர் பள்ளியில் எதைக் கொண்டுவருகிறார்? 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. மேட்பிளாட்லிப் நூலகத்தைக் கொண்டுவந்து வரைபடம் போடவும், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கவும் சொல்லித் தருகிறது. நூலகத்தை அழைத்துப் பயன்படுத்தும் பழக்கம் வருகிறது. இரண்டு செயற்கூறுகள் ஒரே மாறியை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் எழுவதில்லை. மாறிகளின் வரையெல்லைக்கென்று தனிப் பாடமே ஒதுக்கிய நூல், அந்த வரையெல்லைக்குள் ஒரே ஆள்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது.

இதுவரை அதனால் பெரிய கேடு வராமல் இருந்ததற்குப் பைத்தானின் பொதுப் பூட்டும் ஒரு காரணம். அது எல்லாவற்றையும் காக்கிறது என்பது தவறான நம்பிக்கை. ஒரு மாறியோடு ஒன்றைக் கூட்டுவது பார்த்தல், கூட்டுதல், எழுதுதல் என்ற மூன்று படிகள் கொண்டது, இடையில் வேறோர் இழை நுழையலாம். ஆனால் அண்மைப் பதிப்புகளில் இழை மாறுவதற்கான வாய்ப்பு சில இடங்களில் மட்டுமே வருவதால், இரு இழைகளை வைத்து எண்ணிப்பார்க்கும் சிறு சோதனையில் பிழை தலைகாட்டுவதே அரிது. சோதித்துப் பார்த்துச் சரி என்று முடிவுகட்டிய நிரல்கள் ஏராளம் புழக்கத்தில் இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பொதுப் பூட்டு இல்லாத பைத்தான் சோதனை வடிவில் வந்தது. 2025இன் 3.14 பதிப்பில் அது முறையான ஆதரவைப் பெற்றது. நிறுவும்போது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய வடிவமாகத்தான் இன்னும் இருக்கிறது.

அந்த வடிவத்தை ஒரு பள்ளிக் கணினியில் நிறுவி, எண்ணி மாறி ஒன்றை நான்கு இழைகள் ஆளுக்குப் பத்து இலட்சம் முறை ஒன்று கூட்டுமாறு பத்து வரியில் எழுதலாம். வர வேண்டியது நாற்பது இலட்சம். வருவது அதைவிடக் குறைவாகவும், ஓட்டும்போதெல்லாம் வேறாகவும் இருக்கும். பூட்டைச் சேர்த்து ஓட்டினால் நாற்பது இலட்சம் வந்துவிடும், ஆனால் நேரம் கூடும். ஒவ்வோர் இழையும் தனியே எண்ணிக் கடைசியில் கூட்டினால் இரண்டும் சரியாகும். மூன்று ஓட்டங்களுக்கும் ஒரு பாடவேளை போதும்.